சேர்ந்து பாடும் உரிமை

ஏப்ரல் 14 நெருங்கினால் நம் பாட்டுக்குழுக்களுக்கு வேலை வந்துவிடும். டிசம்பர் 6 வந்தாலும் அப்படித்தான். கல்லூரி வாசகர் வட்டம், சேரியின் இரவுப் பாடசாலை, மகளிர் குழு என்று எங்கெங்கோ பத்துப் பேர் கூடுகிறார்கள். பறையும் குரலுமாய் ஒத்திகை நடக்கிறது. தேர்வு வைத்து ஆள் எடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து பாடலாம் என்பதே நம் அழைப்பு. அதில் நமக்குப் பெருமையும் உண்டு. சபாக்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் அல்லவா நாம்!

ஆனால் வந்து பாடுகிறவர்கள் யார் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள், தோழர்களே. ஒத்திகை நடப்பது மொட்டைமாடியில் என்றால் சக்கர நாற்காலியில் இருக்கும் தோழர் எப்படி ஏறுவார்? பாட்டு வரிகளை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புகிறோம். பார்வையற்ற மாணவியின் கைபேசியில் இருக்கும் திரைவாசிப்பான் அந்தப் படத்திலிருந்து பெரும்பாலும் ஒரு வரியைக்கூட ஒழுங்காகப் படித்துச் சொல்லாது. காது மந்தமான பெரியவர், திக்கிப் பேசும் தம்பி, பக்கவாதம் வந்து பேச்சுக் குழறிய அக்கா... இவர்களெல்லாம் கூட்டத்துக்கு வருகிறார்கள், கை தட்டுகிறார்கள், வீட்டுக்குப் போகிறார்கள். மேடையில் அவர்கள் இல்லை.

இது யாரோ சிலரின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், அதாவது மொத்த மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரை மட்டும் எடுத்தால் அது 2.45 விழுக்காடு. ஊட்டமில்லாத கர்ப்பம், எட்டாத மருத்துவமனை, மலக்குழி, செங்கல் சூளை, கல்குவாரி என்று இந்த வேறுபாட்டின் காரணங்களைத் தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் சேரிகளிலும் காலனிகளிலும் தான் இவர்கள் அதிகம் இருக்கிறார்கள். அப்படியிருக்க நம் பாட்டுக்குழுவில் இல்லை என்றால் கேள்வி நம்மிடம்தான் வருகிறது.

இப்படிச் சொன்னதும் நம் மனம் சாய்தளத்துக்கும் சக்கர நாற்காலிக்கும் போகும். அவை வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் சேர்ந்து பாடுவதன் வரலாற்றைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. விலக்கப்பட்டவர்கள் பாட்டுக்குள் வந்தபோதெல்லாம் பாட்டைக் கைமாற்றும் முறையையே மாற்றிக்கொண்டுதான் வந்தார்கள். யார் யாருக்குப் பாட்டைக் கற்றுத் தருவது, கண்ணுக்கா காதுக்கா விரலுக்கா, எழுத்திலா வாயிலா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் கைமாறியது. அந்த அதிகாரத்தின் கதை நமக்கு அறிமுகமான கதை.

நம் நாட்டிலிருந்தே தொடங்குவோம். கௌதம தர்ம சூத்திரம் வேதத்தைக் கேட்ட சூத்திரரின் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொல்கிறது. ஓதினால் நாக்கை அறுக்கச் சொல்கிறது. மனத்தில் இருத்திக்கொண்டால் உடலைப் பிளக்கச் சொல்கிறது. சாதியின் கொடூரத்துக்குச் சான்றாக இதை நாம் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறோம். இன்னொரு விதமாகவும் இதைப் படிக்கலாம். கேட்பது, சொல்வது, நினைவில் வைப்பது என்ற இந்த மூன்றும் ஒருவர் சேர்ந்து பாடுவதற்கு வேண்டியவை. இந்த மூன்றையும் உடலிலிருந்து பறிப்பதுதான் அங்கே தண்டனை. சாதியை மீறியவரைக் காது கேளாதவராகவும் பேச்சற்றவராகவும் ஆக்கிவிடச் சொல்கிறது சாத்திரம். இது எந்த அளவுக்கு நடைமுறையில் இருந்தது என்று ஆய்வாளர்கள் விவாதிக்கட்டும். அந்தச் சட்டம் எதை விரும்பியது என்பதில் விவாதம் இல்லை.

மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம் பிறவியிலேயே பார்வையற்றவருக்கும் காது கேளாதவருக்கும் பேச்சற்றவருக்கும் சொத்தில் பங்கில்லை என்கிறது. பதினொன்றாம் அத்தியாயம் உடற்குறைகளை முன்செய்த பாவங்களின் பலனாகப் பட்டியல் போடுகிறது. தாழ்த்தப்பட்ட பிறப்புக்குச் சொன்ன அதே விளக்கம்! மாற்றுத்திறனாளிகளின் உரிமையும் தலித் உரிமையும் இருவேறு துறைகள் என்று நினைக்கும் தோழர்கள் இந்த இரண்டு அத்தியாயங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும். கர்மா என்ற ஒரே கணக்குப் புத்தகத்தில்தான் இருவரின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது.

இனி கொஞ்சம் வெளியே போவோம். வரலாற்றில் தடம் நன்றாகப் பதிந்திருக்கும் இடம் கிறித்தவ ஆலயப் பாட்டு. அங்கே ஊரே சேர்ந்து பாட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. ஊரில் பாதிக்கு மேல் எழுத்தறியாதவர்கள். என்ன செய்வது? 1644-இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் காலத்தில் உருவான வழிபாட்டு நெறிநூல் ஒரு வழி சொன்னது. சபையில் படிக்கத் தெரியாதவர்கள் பலர் இருந்தால், ஒருவர் சங்கீதத்தை வரி வரியாக முன்னால் வாசிக்க வேண்டும், பின்னால் சபை அதைப் பாட வேண்டும். புத்தகம் வேண்டாம். ஒருவருக்குப் படிக்கத் தெரிந்தால் போதும், ஆயிரம் பேர் பாடலாம். நம் கும்மியில் ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்களே, ஏறக்குறைய அதேதான்.

இந்த வரி சொல்லிப் பாடும் முறை அமெரிக்காவுக்கும் போனது. அங்கே 1720களில் பெரிய சண்டை. படித்த பாதிரியார்களுக்கு அந்தப் பாட்டு பிடிக்கவில்லை. ஒருவர் இழுக்கிறார், ஒருவர் முந்துகிறார், ஆளுக்கொரு சுரம், இது பாட்டா கூச்சலா என்றார்கள். இசைக்குறிப்பைப் பார்த்து ஒழுங்காகப் பாட வேண்டும் என்று ஜான் டஃப்ட்ஸ், தாமஸ் வால்டர் போன்றவர்கள் 1721-இல் பாடப்புத்தகங்களே எழுதினார்கள். பாட்டுப் பள்ளிகள் தோன்றின. குறிப்பு படிக்கத் தெரிந்தவர்கள் ஒன்றாக உட்கார இடம் கேட்டார்கள். அவர்களுக்கு மாடத்தில் தனி இருக்கை கிடைத்தது. அந்த ஊர்ச் சபைகளில் கொயர் என்று தனியாக ஒன்று உருவான கதை பெரும்பாலும் இதுதான். கொயர் வளர வளர, கீழே இருந்த மற்றவர்களின் குரல் ஓய்ந்தது. கற்றுக்கொடுக்கும் நல்ல நோக்கத்தில் தொடங்கியது, கற்றவருக்கும் கல்லாதவருக்கும் நடுவே ஒரு மாடப்படியாக முடிந்தது.

ஆனால் பழைய முறை சாகவில்லை. அதைக் காப்பாற்றியவர்கள் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்கள். தென் கரோலினாவில் 1740-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைக் குற்றமாக்கியது. வட கரோலினா 1830-இல் படிக்கக் கற்றுக்கொடுப்பதையும் தடை செய்தது. எழுத்தைத் தடுக்கலாம், அடியெடுத்துக் கொடுக்கும் குரலை எப்படித் தடுப்பது? ஐசக் வாட்ஸ் என்ற ஆங்கிலப் பாடலாசிரியரின் பெயரால் 'டாக்டர் வாட்ஸ்' என்றே அழைக்கப்பட்ட அந்தப் பாடும் முறை இன்றும் கறுப்பின பாப்டிஸ்ட் சபைகளில் உயிரோடு இருக்கிறது. ஒருவர் வரியைச் சொல்வார். சபை அதை வாங்கி, இழுத்து, குரலுக்குக் குரல் அலை அலையாக்கிப் பாடும். முந்துபவரும் பிந்துபவரும் அதில் குற்றவாளிகள் அல்ல. அந்த அலை உண்டாவதே அவர்களால்தான். மூச்சு குறைந்த முதியவருக்கும், பேச்சு மெதுவாக வருபவருக்கும் அந்தப் பாட்டில் இடம் தானாகவே இருக்கிறது. ஒழுங்கின்மை என்று படித்தவர்கள் திட்டியதுதான் அதன் கதவு.

மராட்டியத்தில் அம்பேத்கரிய ஜல்சா எழுந்ததும் இப்படிப்பட்ட நிலத்தில்தான். 1930களில் பீமராவ் கர்டக் போன்ற கலைஞர்கள் ஊர் ஊராகப் போய், பத்திரிகை படிக்க முடியாத மக்களிடம் பாபாசாகேபின் போராட்டத்தைப் பாட்டாகவும் கூத்தாகவும் கொண்டுபோனார்கள். முன்பாட்டுக்காரர் பாட, குழு வாங்கிப் பாடியது. படிக்கத் தெரியாது என்பதை ஒரு தடையாக எண்ணி அவர்கள் காத்திருக்கவில்லை.

எழுத்தில்லாமல் பாடுவது ஒரு வழி. எழுத்தையே எளிதாக்குவது இன்னொரு வழி. அதில் மிகப் பெரிய பாய்ச்சல் சாரா கிளவர் என்ற பெண்ணுடையது. இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்றுக்கொடுத்தவர். ஐந்து கோட்டில் புள்ளி வைத்து எழுதும் இசைக்குறிப்பு அந்தப் பிள்ளைகளுக்கு மலையாக நிற்பதைப் பார்த்து, சுரங்களை வெறும் எழுத்துகளால் எழுதும் முறையை உருவாக்கி 1835-இல் நூலாக வெளியிட்டார். 1841-இல் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் எல்லாருக்கும் எளிய பாட்டு முறை வேண்டும் என்று கேட்க, அந்தப் பொறுப்பை ஏற்ற ஜான் கர்வன் என்ற பாதிரியார் கிளவரின் முறையை எடுத்து மாற்றிப் பரப்பினார். முதலில் கிளவரிடம் அனுமதி கேட்கவில்லை. டானிக் சோல்ஃபா என்றால் இன்றும் கர்வன் பெயர்தான் முதலில் வருகிறது. உழைத்தவள் ஒருத்தி, பெயர் வாங்கியவர் ஒருவர். இதுவும் நமக்குப் பழகிய கதைதான்.

டோ, ரே, மீ என்ற சுரங்களின் முதலெழுத்து, நடுநடுவே காலத்தைக் காட்ட இரட்டைப் புள்ளிகள். அவ்வளவுதான் சோல்ஃபா. நம் ஸ, ரி, க, ம போலவே எந்தச் சுருதியிலிருந்தும் 'டோ'வைத் தொடங்கலாம். இசைக்குறிப்பு அச்சடிக்கத் தனி அச்செழுத்துகள் வேண்டியதில்லை. சாதாரண அச்சகத்தில் இருக்கும் எழுத்துகளே போதும் என்பதால் பாட்டுப் புத்தகத்தின் விலை சரிந்தது. ஆலைத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் நான்கு குரல் பாட்டைப் படித்துப் பாடத் தொடங்கினார்கள். 1870-இல் கர்வன் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைச்சைகையையும் சேர்த்தார். 'டோ'வுக்கு மூடிய முஷ்டி! புத்தகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தே ஒரு கூட்டம் பாடலாம். பின்னாளில் ஹங்கேரியின் இசைக் கல்வி இந்தச் சைகைகளை எடுத்துக்கொண்டு உலகெங்கும் பரப்பியது.

சோல்ஃபா மிஷனரிகளோடு கப்பலேறியது. வேல்ஸ் மிஷனரிகளால் மிசோரம் வந்தது. இன்றும் மிசோ சபைகளின் பாட்டுப் புத்தகம் சோல்ஃபாவில்தான் இருக்கிறது, ஊரே நான்கு குரலில் பாடுகிறது. தென்னாப்பிரிக்காவில் ஜான் நாக்ஸ் போக்வே 1885-இல் தன் பாடல்களைச் சோல்ஃபாவில் வெளியிட்டார். எழுத்தறியாத கோசா தீர்க்கதரிசி என்ட்சிகானாவின் பாடல், அவர் இறந்து பல பத்தாண்டுகள் வாய்வழியாகவே வாழ்ந்தது. அதையும் போக்வேதான் ஏட்டில் ஏற்றினார். 1897-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே மிஷன் பள்ளி ஆசிரியராக இருந்த ஈனோக் சொன்டொங்கா, 'என்கோசி சிகெலெலி ஆப்பிரிக்கா' என்ற பாடலை இயற்றியதும் சோல்ஃபாவில். 1912-இல், பின்னாளில் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் ஆன அமைப்பின் தொடக்க மாநாட்டில் அது பாடப்பட்டது. 1923-இல் சோல் பிளாட்ஜே லண்டனில் அதை இசைத்தட்டில் பதிந்தார். இன்று அது தென்னாப்பிரிக்க நாட்டுப்பண்ணின் முதல் பகுதி. ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பெண் கண்டுபிடித்த எழுத்துமுறையின் வழியே, நிறவெறி ஆட்சி வெறுத்த ஒரு பாட்டு பிறந்து நாட்டின் பண்ணாகவே ஆயிற்று.

ஆனாலும் இதை ஒரு வெற்றிக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக மாட்டோம். கோட்டுக் குறிப்பு தெரிந்தவர்கள் சோல்ஃபாக்காரர்களை அரைகுறைகள் என்றே பார்த்தார்கள். இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. கோசா, சூலு மொழிகளில் சொல்லின் சுரம் மாறினால் பொருளே மாறும். ஐரோப்பிய மெட்டும் நான்கு குரல் அடுக்கும் அந்த மொழிகளின் ஏற்ற இறக்கத்தை மிதித்துக்கொண்டு நடந்தன. கானாவைச் சேர்ந்த இசையியலாளர் கோஃபி அகாவு ஐரோப்பியச் சுர ஒழுங்கே ஆப்பிரிக்காவில் ஒரு காலனிய சக்தியாக வேலை செய்தது என்று வாதிட்டிருக்கிறார். கதவைத் திறந்து உள்ளே அழைத்தவர்கள், உள்ளே வந்ததும் எங்கள் பாட்டைத்தான் பாட வேண்டும் என்றார்கள். அணுகல் என்ற சொல்லை நாம் பயன்படுத்தும்போது இதை மறக்கக் கூடாது. எதை அணுகுவது என்று யார் தீர்மானிக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடை சொன்னவர் ஒரு சிறுவன். 1809-இல் பிறந்த லூயி பிரெய்லுக்கு மூன்று வயதில், தந்தையின் தோல் பட்டறையில் கண்ணில் கருவி குத்தியது. நோய் பரவி இரு கண்களும் போயின. பாரிஸ் பார்வையற்றோர் பள்ளியில் அப்போது இருந்த புத்தகங்கள் சாதாரண எழுத்துகளையே புடைப்பாக அச்சடித்தவை. பார்க்கிற ஆசிரியர்களுக்கு வசதி, தடவிப் படிக்கும் பிள்ளைகளுக்கு வதை. ஓர் எழுத்தைத் தடவி முடிப்பதற்குள் முந்தைய எழுத்து மறந்துபோகும். எழுதவோ வழியே இல்லை. இருளில் படிக்க ராணுவ அதிகாரி பார்பியே உருவாக்கியிருந்த புள்ளிமுறையை எடுத்து, அதைச் சுருக்கி, ஒரு விரல்நுனிக்குள் அடங்கும் ஆறு புள்ளிகளாக்கினார் பிரெய்ல்.

1829-இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பைக் கவனியுங்கள். சொற்களையும் இசையையும் ஆலயப் பாட்டையும் புள்ளிகளால் எழுதும் முறை என்று அது சொல்கிறது. பிரெய்ல் ஓர் ஆர்கன் கலைஞர். இசை எழுத்து அவருக்குப் பின்னால் வந்த சேர்க்கை அல்ல, முதல் நாளிலிருந்தே அதில் இருந்தது. பின்னர் செம்மையான வடிவத்தில், மேல் நான்கு புள்ளிகள் சுரத்தைச் சொல்லும், கீழ் இரண்டு புள்ளிகள் அது நீளும் காலத்தைச் சொல்லும். பள்ளி இதை எளிதில் ஏற்கவில்லை. 1840களின் தொடக்கத்தில் புதிய இயக்குநர் அதை விலக்கியே வைத்தார். பார்வையுள்ள ஆசிரியர்களால் படிக்க முடியாத எழுத்து அவர்களின் கட்டுப்பாட்டில் இல்லாத எழுத்து. மாணவர்கள் ஒளித்து வைத்து எழுதினார்கள், ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தார்கள். பிரெய்ல் 1852-இல் இறந்தார். அடுத்த இரண்டு ஆண்டில் பிரான்சு அவருடைய எழுத்தை அதிகாரப்பூர்வமாக ஏற்றது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் வருவதற்கு 1951 வரை ஆயிற்று.

பார்வையின்மையும் ஒதுக்குதலும் ஒரே உடலில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் அலபாமா ஒரு சான்று. அங்கே டலடேகா நகரில் பார்வையற்ற கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி இருந்தது. பார்வையற்றோர் பள்ளியிலும் நிறப் பிரிவினை! நிறத்தையே பார்க்க முடியாத பிள்ளைகளை நிறத்தால் பிரித்து வைத்தார்கள் என்பதைவிட நிறவெறியின் மடமைக்கு வேறு உதாரணம் தேவையில்லை. அந்தப் பள்ளியின் பையன்கள் 1939-இல் தொடங்கிய 'ஹேப்பிலேண்ட் ஜூபிலி சிங்கர்ஸ்' தான் பின்னாளில் 'பிளைண்ட் பாய்ஸ் ஆஃப் அலபாமா' ஆனது. பெயர் மாறியது 1948-இல் நியூவார்க் நகரில். மிசிசிப்பியிலிருந்து வந்த இன்னொரு பார்வையற்றோர் குழுவையும் இவர்களையும் மோதவிட்டு, பார்வையற்றோரின் போர் என்று விளம்பரம் செய்து கூட்டம் சேர்த்தார்கள். அவர்களின் குரலோடு குறையும் சேர்த்து விற்கப்பட்டது. ஆனாலும் அவர்கள் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் பாடி, 2002-இல் கிராமி விருதும் பெற்றார்கள். இழிவாகச் சூட்டிய பெயரை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்று பிரிட்டனில் தேர்வு வைக்காமல், குறிப்பு இல்லாமல், காதால் கேட்டுச் சேர்ந்து பாடும் ஊர்ப் பாட்டுக்குழுக்கள் ஏராளம். அந்த இயக்கத்தின் வேர்களில் ஒருவர் பிரான்கி ஆம்ஸ்ட்ராங். நாட்டுப்புறப் பாடகி, இளம் வயதிலேயே பார்வையைப் பெருமளவு இழந்தவர். 1975 முதல் அவர் நடத்திய குரல் பயிலரங்குகளில் தாள் கிடையாது. அவர் பாடுவார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். எனக்குப் பாட வராது என்று பள்ளியில் விரட்டப்பட்டவர்கள்தான் அங்கே அதிகம் வந்தார்கள். ஒருவரின் உடலுக்கு ஏற்ற முறை, நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கதவாயிற்று.

காது கேளாதவர்களின் கதை இவ்வளவு நேராகப் போகாது. பாட்டு என்றாலே காது என்று நினைப்பவர்களுக்கு அது புரியவும் புரியாது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கான உலக மாநாடு கூடியது. கலந்துகொண்ட சுமார் 160 பேரில் காது கேளாதவர் ஒரே ஒருவர். பள்ளிகளில் சைகை மொழி கூடாது, உதட்டைப் பார்த்துப் பேசத்தான் கற்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதன்பின் பல நாடுகளில் பல தலைமுறைப் பிள்ளைகள் கை அசைத்ததற்காக அடி வாங்கினார்கள். அந்தத் தீர்மானத்துக்கு அதே மாநாட்டு மரபின் வாரிசுகள் 2010-இல் வான்கூவரில்தான் வருத்தம் தெரிவித்தார்கள். 130 ஆண்டுகள்! நம்மைப் பற்றிய முடிவை நாம் இல்லாத அவையில் எடுப்பது எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும்.

வெனிசுவேலாவின் பார்கிசிமெட்டோ நகரில் 1990களில் உருவான 'வெள்ளைக் கைகள்' பாட்டுக்குழு வேறொரு வழி காட்டியது. அந்நாட்டின் 'எல் சிஸ்டெமா' என்ற இசைக்கல்வி இயக்கத்தின் சிறப்புக் கல்விப் பிரிவில் பிறந்தது அது. ஒரு பாதி குரலால் பாடும். காது கேளாத பிள்ளைகள் உள்ள மறு பாதி வெள்ளைக் கையுறை அணிந்து கைகளால் பாடும். இரண்டு பாதிக்கும் தனித்தனி நடத்துநர்கள். கை அசைவு குரலுக்கு விளக்கவுரை அல்ல, அதுவும் ஒரு குரல் என்று வைத்து இசையமைத்தார்கள். இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. காது கேட்கும் கல்லூரி மாணவர்கள் நான்கு சைகைகளைக் கற்று மேடையில் அழகுக்கு அசைத்துவிட்டு, காது கேளாதவர் ஒருவர்கூட இல்லாத குழுவில் கைதட்டல் வாங்கும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. பறை அடிக்கும் சமூகத்தை விட்டுவிட்டுப் பறையை மட்டும் மேடையேற்றுவதைப் பற்றி நமக்கு என்ன கருத்தோ, இதைப் பற்றியும் அதே கருத்துதான்.

தமிழகத்துக்கு வருவோம். பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆனி ஆஸ்க்வித் பார்வையற்றோருக்கும், ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் காது கேளாதோருக்கும் பள்ளிகள் தொடங்கினார்கள். அந்தப் பணியின் பெருமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சபைப் பாட்டில் யார் யாரோடு நின்று பாடுவது என்ற கேள்வி அதற்கும் முன்பே கிளம்பிவிட்டது. தஞ்சையின் வேதநாயக சாஸ்திரியார் தமிழ்க் கீர்த்தனையின் பெரும் கவி. இன்றும் சபைகளில் அவர் பாடல்கள் ஒலிக்கின்றன. 1829-இல் அவர் புதிய மிஷனரிகளின் கொடுமைகள் என்று நான்கை எழுதி வைத்தார். தமிழ் வேதாகமத்தைத் திருத்துவது ஒன்று. பூக்களை விலக்குவது ஒன்று. தமிழ்ப் பாட்டை வழிபாட்டிலிருந்து நீக்குவது ஒன்று. சபையில் சாதிகளைக் கலப்பது மற்றொன்று. தமிழ்ப் பாட்டுக்காக அவர் நின்றது நியாயம். அதே மூச்சில் சாதிக் கலப்பையும் கொடுமை என்றார் பாருங்கள். தன் பாட்டுக்குக் கதவு திறக்கச் சொல்கிறவர் அடுத்தவருக்கு அதே கதவைச் சாத்த முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் தமிழில் இருக்குமா என்று தெரியவில்லை.

அதற்கான பதில் ஒன்றரை நூற்றாண்டு கழித்து, மதுரை அரசரடியிலிருந்து வந்தது. தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005), பறட்டை என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டவர். மேற்கத்திய கீதமும் கர்நாடகக் கீர்த்தனையும் கிராமத்துத் தலித் மக்களின் வாயில் ஏறாமல் அவர்களை ஊமைகளாக்குகின்றன என்று கண்டார். தீட்டு என்று ஆலயத்துக்கு வெளியே நிறுத்திய பறையையும் நாட்டுப்புற மெட்டுகளையும் பேச்சுத் தமிழையும் வைத்து ஒரு முழு வழிபாட்டையே அமைத்தார். அவர் நாட்டுப்புற இசையைத் தேர்ந்ததற்குக் காரணம் அது பழமையானது என்பது அல்ல. பாடுகிறவர் தன் ஊருக்கும் தன் குரலுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், வரி சேர்க்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்பதே காரணம். எல்லாரும் ஒரே உலையில் சமைத்து உண்பது என்ற அவருடைய சிந்தனையும் இதோடு சேர்ந்தது. அவர் மாற்றுத்திறனாளிகளை முன்வைத்து இதைச் செய்யவில்லை. ஆனால் பாட்டை மாற்றும் உரிமை பாடுகிறவருக்கு என்று அவர் வகுத்த வழியில் அவர்களும் வரலாம்.

நம் குழுக்களில் இதை எங்கே தொடங்குவது? அடியெடுத்துக் கொடுத்துப் பாடும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தொடக்கப் பயிற்சி என்று எண்ணாமல் மேடையிலும் வைத்துக்கொண்டால் வரி மறப்பவரும் தாளைப் படிக்க முடியாதவரும் பாடலாம். கையசைவைப் பார்க்க முடியாதவருக்குத் தலைமைப் பாடகர் மூச்சை உரக்க இழுத்துத் தொடக்கம் காட்டினால் போதும். உட்கார்ந்து பாடுவது மரியாதைக் குறைவு என்ற எண்ணத்தை விட்டால் முட்டி வலிக்கும் பாட்டியும் வருவார். காது மந்தமானவரை அடிக்குப் பக்கத்தில் நிறுத்துவது தவறு. பல ஆண்டுகள் பறைக்கு நடுவே நின்று காது மங்கிய மூத்த கலைஞர்கள் நம்மிடையே உண்டு, அவர்களுக்கு இன்னும் பாதிப்பு வேண்டாம். அவர்கள் உதட்டைப் பார்க்கும்படி எதிரில், வெளிச்சத்தில் நிற்கட்டும். முற்றும் காது கேளாத தோழருக்கோ பறையின் அதிர்வு நெஞ்சிலும் தரையிலும் தெரியும், அவர் எங்கே நிற்பது என்று அவரே சொல்லட்டும். சைகை மொழி தெரிந்தவரைக் கூட்டத்தன்று மட்டும் அழைக்காமல், காது கேளாத தோழர் ஒருவரோடு சேர்ந்து பாட்டு எழுதும்போதே உட்கார வைக்க வேண்டும்.

பிரெய்ல் வாசிப்பவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிரெய்ல் இசையில் சொல் ஒரு வரியிலும் சுரம் அடுத்த வரியிலும் இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டையும் தடவ முடியாது. ஆகவே மனப்பாடம் செய்துவிட்டுத்தான் ஒத்திகைக்கு வர வேண்டும். முதல் நாள் இரவில் பாட்டை மாற்றும் நம் வழக்கம் அவரை வெளியே தள்ளிவிடும். ஏப்ரல் 14-க்கான பாட்டுகளைப் பிப்ரவரி இறுதிக்குள் முடிவு செய்யுங்கள். வரிகளைப் படமாக அல்லாமல் எழுத்தாகத் தட்டச்சு செய்து அனுப்புங்கள். ஒவ்வொரு பாட்டையும் ஒருவர் நிதானமாகப் பாடிய ஒலிப்பதிவு அதோடு போகட்டும். பிரெய்ல் பிரதி எடுக்க ஆகும் நாட்களையும் அதிலேயே கணக்கில் வையுங்கள். ஒத்திகையைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள், இந்த ஞாயிற்றுக்கிழமையே.